வெட்டியெடுத்த ஆளும் விட்டுப்போன வயலும்

நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரிக்குப் போகிற சாலையில் சுசீந்திரத்தையும் பொற்றையடியையும் தாண்டினால் கொட்டாரம். சாலையை விட்டு இறங்கினால் வயல், குளம், தென்னை, நிமிர்ந்தால் மருந்துவாழ்மலை. கல்யாணப் படம் எடுக்க இதைவிட நல்ல இடம் தேடி வெளியூர் போக வேண்டியதில்லை. அப்படி ஒரு வரப்பில் மணப்பெண்ணை நிறுத்தி எடுத்த படத்தைக் கணினியில் திறந்து, கூந்தல் பக்கமாக 800 சதவீதம் பெரிதாக்கிப் பார்ப்போம். சாதாரணமாகப் பார்க்கும்போது கறுத்த கூந்தல், வெள்ளைப் பிச்சிச் சரம், பின்னால் பச்சை வயல் என்று மூன்றும் தனித்தனியாகத் தெரிந்தன. பெரிதாக்கியதும் எல்லாம் சின்னச் சின்ன வண்ணக் கட்டங்களாகச் சிதறிவிடுகின்றன. கூந்தலின் நடுவில் இருக்கிற கட்டங்கள் கறுப்பு. வயலின் நடுவில் இருப்பவை பச்சை. இரண்டுக்கும் இடையே நாலைந்து கட்ட அகலத்தில் ஒரு பட்டை ஓடுகிறது. அதில் சுத்தக் கறுப்பும் இல்லை, சுத்தப் பச்சையும் இல்லை. கரும்பச்சை, பாசிநிறம், மங்கிய பழுப்பு என்று எல்லாம் கலந்து கிடக்கிறது. காற்றில் பறக்கிற ஒற்றை முடிக்கு ஒரு கட்டத்தின் அகலம்கூடக் கிடையாது என்பதால், அந்தக் கட்டம் கொஞ்சம் முடியாகவும் மீதி வயலாகவும் பதிவாகியிருக்கிறது. பிச்சி மொட்டின் ஓரத்தில் வயலின் பச்சை ஏறியிருக்கிறது. இந்தக் கட்டங்கள் எல்லாம் யாருக்குச் சொந்தம், பெண்ணுக்கா வயலுக்கா?

ஸ்டுடியோக்களில் ‘கட் பண்றது’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிற வேலை இது. கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளையையும் பெண்ணையும் வயலிலிருந்து எடுத்து ஏதோ ஒரு ரோஜாத் தோட்டத்தில் வைக்கிறார்கள். சடங்கு வீட்டு ஃப்ளெக்ஸில் தாய்மாமன்மாரைத் தனித்தனிப் படங்களிலிருந்து எடுத்து வரிசையாக நிறுத்துகிறார்கள். கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியில் இறந்தவரை மேகத்துக்கு நடுவே வைக்கிறார்கள். பார்க்கிறவர்களுக்கு இது கத்தரிக்கோலால் காகிதத்தை வெட்டுவது மாதிரி ஒரு காரியம். உருவத்தைச் சுற்றி ஒரு கோடு ஏற்கெனவே இருக்கிறது, அதன்மேல் கை பிசகாமல் போனால் போதும் என்று எண்ணம். ஆனால் பெரிதாக்கிப் பார்த்த படத்தில் அப்படி ஒரு கோடு கிடையாது. ஆள் முடிகிற இடத்தையும் ஊர் தொடங்குகிற இடத்தையும் தீர்மானித்துக் கோடு போடுகிறவர் வெட்டுகிற டிசைனர்தான். அந்தத் தீர்மானத்தை இன்று செல்போன் ஒரு நொடியில் எடுத்துவிடுகிறது என்பதால் அது தீர்மானம் இல்லை என்று ஆகிவிடாது. எதைச் சேர்க்கிறோம், எதை விடுகிறோம் என்று அறிந்தே வெட்ட வேண்டும், விட்டதைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்க வேண்டும் என்பது அதிலிருந்தே வருகிறது.

இது வெறும் ரசனை சார்ந்த பேச்சு என்று நினைப்பவர்களுக்குப் பள்ளிக்கூடக் கணக்கு ஒன்று பதில் சொல்லும். கணினிப் படத்தில் ஒவ்வொரு கட்டமும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள். விளிம்பில் உள்ள ஒரு கட்டத்தில் ஆளின் நிறமும் பின்னணியின் நிறமும் ஒரு விகிதத்தில் கலந்திருக்கின்றன. ஆளின் அசல் நிறம் தெரிய மூன்று எண் வேண்டும், பின்னணியின் அசல் நிறம் தெரிய மூன்று எண் வேண்டும், கலவை விகிதத்துக்கு ஒன்று வேண்டும். தெரியாதவை ஏழு, கையில் இருப்பவை மூன்று. மூன்று சமன்பாட்டை வைத்து ஏழு விடை காண எந்தக் கணக்கு வாத்தியாராலும் முடியாது. அந்தக் கலவை விகிதத்துக்கு ‘ஆல்ஃபா’ என்று பெயர். 1970களின் கடைசியில் நியூயார்க்கில் எட் கேட்மல்லும் ஆல்வி ரே ஸ்மித்தும் அதைப் படத்தோடு சேர்த்து நான்காவது எண்ணாக வைக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். 1984இல் லூகாஸ்ஃபிலிமைச் சேர்ந்த தாமஸ் போர்ட்டரும் டாம் டஃபும் ஒரு படத்தின் மேல் இன்னொன்றை ஒட்டுவதற்கான முழுக் கணக்கையும் எழுதி வெளியிட்டார்கள். அன்று எழுதிய அந்தக் கணக்குதான் இன்றும் நம் ஆல்பம் டிசைனரின் திரைக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருக்கிறது.

சினிமாக்காரர்கள் இந்த ஏழு என்ற எண்ணிக்கையைக் குறைக்க ஒரு வழி வைத்திருக்கிறார்கள். நடிகரை நீலத் துணிக்கோ பச்சைத் துணிக்கோ முன்னால் நிறுத்தினால் பின்னணியின் நிறம் முன்கூட்டியே தெரிந்துவிடும். தெரியாதவை நான்காகச் சுருங்கும். டிஜிட்டல் கேமரா வந்த பிறகு பச்சைத் துணி அதிகமானதற்கு ஒரு காரணம், அந்தக் கேமராவின் உணரியில் பச்சையை வாங்கும் புள்ளிகள் சிவப்பையும் நீலத்தையும் போல இரு மடங்கு இருப்பது. நான்குகூட மூன்றைவிட அதிகம்தான். அதே ஸ்மித்தும் ஜேம்ஸ் பிளின்னும் 1996இல் இதற்கு ஒரு முழுத் தீர்வு காட்டினார்கள். அசையாத ஒரு பொருளை இரண்டு வெவ்வேறு நிறப் பின்னணியில் இரண்டு முறை படம் எடுத்தால், விளிம்பில் எது எவ்வளவு என்று துல்லியமாகக் கணக்கிடலாம். இதில் ஒரு விஷயம் யோசிக்கத் தக்கது. ஆளைச் சுத்தமாகப் பிரித்தெடுக்க வேண்டுமென்றால் ஆளைப் பற்றித் தெரிந்தால் மட்டும் போதாது, பின்னணியையும் இரண்டு தடவை அளந்திருக்க வேண்டும். ஆடிக்காற்று வீசுகிற வரப்பில் நிற்கிற மணப்பெண்ணை அப்படி இரண்டு தடவை எடுக்க வழியில்லை. எடுத்து முடிப்பதற்குள் கூந்தல் நூறு தடவை இடம் மாறியிருக்கும். ஆகவே நம் வயல் படத்தில் ஊகம் தவிர வேறு வழியில்லை. நல்ல ஊகம், மோசமான ஊகம் என்று இரண்டுதான் உண்டு.

மென்பொருள்களில் இருக்கும் கருவிகள் எல்லாம் இந்த ஊகத்தை ஆளுக்கு ஒரு விதமாகச் செய்கின்றன. தாமஸ் நோல், ஜான் நோல் என்ற அண்ணன் தம்பி இருவரும் உருவாக்கிய ஃபோட்டோஷாப் 1990 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்தபோதே ‘மேஜிக் வாண்ட்’ அதில் இருந்தது. ஓரிடத்தில் தொட்டால், பக்கத்தில் அதே மாதிரி நிறம் இருக்கிற வரைக்கும் பரவித் தேர்ந்தெடுக்கும். வெள்ளைச் சுவருக்கு முன் நீலச் சட்டைக்காரர் என்றால் வேலை சுலபம். சுண்ணாம்பு அடித்த சுவருக்கு முன் வெள்ளை வேட்டிக்காரர் என்றால் வேட்டியும் சுவரோடு போய்விடும். ‘பென் டூல்’ வேறு வகை. அது நிறத்தைப் பார்ப்பதில்லை; புள்ளி வைத்து வளைத்து வளைத்துக் கையால் கோடு இழுப்பது. அந்த வளைகோட்டுக் கணக்கைப் பரப்பியவர் பிரான்சின் ரெனோ கார் நிறுவனத்துப் பொறியாளர் பியர் பெசியே. 1960களில் காரின் உடலை வடிவமைக்கப் பயன்படுத்திய வளைவுகள் அவை. தோள்பட்டை, வேட்டி மடிப்பு, குத்துவிளக்கு, பைக் டேங்க் போன்ற வழவழப்பான வடிவங்களுக்கு அது பொருந்துவதும் கூந்தலில் தோற்றுப்போவதும் அதன் பிறப்பிலேயே இருக்கிறது. பென் டூலை மட்டும் நம்பி வெட்டிய மணப்பெண்ணின் தலை, ஹெல்மெட் போட்டது மாதிரி இருப்பது அதனால்தான். நம் ஊரில் சினிமா கட்அவுட் வரைந்த ஓவியர்கள் இந்தச் சிக்கலை வேறு விதமாகத் தீர்த்திருந்தார்கள். ஒட்டுப்பலகையில் முடியை இழையிழையாக அறுக்க முடியாது என்று தெரிந்து, அதை ஒரே திரளான வடிவமாக வரைந்து, அந்த வடிவத்தின் ஓரத்திலேயே பலகையை அறுத்தார்கள். எங்கே அறுப்பது என்பதை வரையும்போதே தீர்மானித்த கை அது.

2004இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் ‘கிராப்கட்’ என்ற முறையை வெளியிட்டார்கள். ஆளைச் சுற்றி ஒரு கட்டம் போட்டால் போதும், மீதியை அதுவே கணித்துக்கொள்ளும். 2022இல் ஐபோனில் ஆளை விரலால் அழுத்திப் பிடித்தாலே உருவம் கையோடு வந்தது. 2023 ஏப்ரலில் மெட்டா நிறுவனம் வெளியிட்ட ‘செக்மென்ட் எனிதிங்’ 1 கோடியே 10 லட்சம் படங்களையும் அவற்றில் குறிக்கப்பட்ட 100 கோடிக்கும் மேலான வெட்டுருவங்களையும் கொண்டு பழக்கப்பட்டது. இங்கேதான் முதல் மறுப்பு வரும். இவ்வளவு படித்த இயந்திரம் ஒரு நொடியில் செய்வதை மனிதர் உட்கார்ந்து அரைமணி நேரம் செய்வானேன்? கேள்வி நியாயமானது. பத்துப் படத்தில் பெரும்பாலானவற்றை இயந்திரம் நன்றாகவே வெட்டுகிறது, அந்த நேரத்தை மிச்சப்படுத்துவதில் தப்பே இல்லை. ஆனால் அது எங்கே தடுமாறுகிறது என்று பார்த்தால், நம் வாழ்க்கையின் நுணுக்கமான இடங்களில் தடுமாறுகிறது. கைக்கும் இடுப்புக்கும் நடுவே தெரிகிற வயலை அப்படியே விட்டுவிடும். கூந்தலிலிருந்து தொங்குகிற சரத்தின் கடைசி இரண்டு பூவைப் பின்னணி என்று தள்ளிவிடும். ஜிமிக்கியின் இடைவெளிகளை அடைத்துவிடும்.

இன்னும் நெருங்கிப் பார்க்க ஓர் எடுத்துக்காட்டு. நாஞ்சில் நாட்டுப் பழைய வீடுகளில் சுவரில் சாய்வாக மாட்டியிருக்கும் கறுப்பு வெள்ளைப் படங்களில் காது வடித்த ஆச்சிகள் இருப்பார்கள். பாம்படத்தின் எடையில் காதுமடல் தோள்வரை இறங்கி, ஒரு நீண்ட வளையமாகத் தொங்கும். அந்த வளையத்துக்குள்ளே தெரிவது கழுத்தா, நிழலா, பின்னால் இருக்கும் சுவரா என்பது தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஆச்சி நேராகப் பார்த்தால் வளையத்துக்குள் கழுத்து. சற்றே திரும்பினால் ஒரு காதில் கழுத்தும் மறு காதில் சுவரும். சுவராக இருந்தால் வெட்டி நீக்க வேண்டும், கழுத்தாக இருந்தால் விட வேண்டும். மங்கிய பழைய பிரிண்டில் இரண்டும் ஒரே சாம்பல் நிறம். இயந்திரம் இங்கே பெரும்பாலும் வளையத்தை மொத்தமாக அடைத்து, காதை ஒரு தட்டையான தோல்துண்டாக ஆக்கிவிடும். இல்லையென்றால் காதின் கீழ்ப்பாதியைச் சுவர் என்று எண்ணி அறுத்துவிடும். காது வடித்த ஆச்சியைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்தத் தப்பு உடனே தெரியும். பார்த்திராத இருபது வயது டிசைனருக்குத் தெரியாது. ஆகவே இயந்திரம் வந்ததால் தேவையற்றுப் போனது கைவேலையின் ஒரு பகுதிதான். எது யாருடையது என்று அறிந்த கண்ணுக்கான தேவை முன்னைவிடக் கூடியிருக்கிறது. முன்பு வெட்டுகிறவர் ஒவ்வொரு அங்குலத்தையும் பார்த்தே ஆக வேண்டியிருந்தது. இப்போது பார்க்காமலே முடித்துவிடலாம் என்ற வசதி வந்துவிட்டது.

விளிம்பைச் சரியாக வெட்டிவிட்டாலும் ஊர் ஆளை விட்டு முழுதாகப் போவதில்லை. வயல் நடுவில் வெள்ளை வேட்டியோடு நிற்பவரின் வேட்டியில் கீழ்மடிப்பெல்லாம் லேசாகப் பச்சை ஏறியிருக்கும். பயிரில் பட்ட வெயில் திரும்பி வந்து துணியில் படுவதால் வருவது அது. செம்மண் மேட்டில் நின்றால் தாடைக்குக் கீழே செம்மை. நம் கண் நேரில் இதைக் கவனிப்பதில்லை, கேமரா எழுதி வைத்துவிடுகிறது. அந்த ஆளைக் கொண்டுபோய்ப் பளிங்கு மாளிகை வாசலில் வைத்தால், எங்கேயோ ஏதோ ஒட்டவில்லை என்று பார்ப்பவருக்குத் தோன்றும். காரணம் சொல்லத் தெரியாது. கன்னியாகுமரிப் பின்னணியில் ஒட்டிய படங்களில் இந்தத் தப்பு இன்னும் வெளிப்படை. கரையில் நின்று விவேகானந்தர் பாறையையும் வள்ளுவர் சிலையையும் பார்த்துக் காலையில் படம் எடுத்தால், வெயில் கேமராவுக்கு எதிரிலிருந்து வரும். முன்னால் நிற்கிற ஆளின் முகம் இருண்டு, தோளோரமும் முடியோரமும் பொன்னாக ஒளிரும். ஸ்டுடியோ விளக்கில் எடுத்த பளிச்சென்ற முகத்தை வெட்டி அந்த உதயத்துக்கு முன்னால் ஒட்டினால், முகத்துக்கு ஒரு சூரியன், கடலுக்கு ஒரு சூரியன் என்று ஆகிவிடுகிறது. காலடியில் நிழலும் இருக்காது. தேர்ந்த டிசைனர் வெட்டுவதற்கு முன்னால் கேட்கிற முதல் கேள்வி, வெயில் எந்தப் பக்கம் என்பதுதான். வெட்டிய உருவத்தைக் கறுப்புப் பின்னணியில் ஒரு தடவை, வெள்ளைப் பின்னணியில் ஒரு தடவை வைத்துப் பார்ப்பார். கறுப்பில் பழைய வானத்தின் வெள்ளை ஓரம் காட்டிக்கொடுக்கும். வெள்ளையில் பழைய மரத்தின் கறுப்பு ஓரம். பிறகு விளிம்பை ஒரு கட்ட அளவுக்கு உள்ளே இழுத்து, கூந்தல் பக்கம் மட்டும் மெதுவாக மங்கவிட்டு, வேட்டியில் ஏறிய பச்சையைக் குறைப்பார். ‘அழிப்பான்’ கொண்டு தேய்க்க மாட்டார், ‘மாஸ்க்’ போடுவார். அழித்தது போனது போனதுதான், மாஸ்க் போட்டது மறைவாக இருக்கும், நாளைக்குத் திரும்பக் கொண்டுவரலாம். சேமிக்கும்போது பிஎன்ஜி அல்லது பிஎஸ்டி கோப்பாக வைப்பார். ஜேபெக்கில் ஆல்ஃபாவுக்கு இடமே இல்லை, வெட்டிய ஆளுக்குப் பின்னால் ஒரு நிறத்தை அது நிரப்பிவிடும்.

இரண்டாவது மறுப்பு கொஞ்சம் கனமானது. படத்தில் பொய்ப் பின்னணி என்ன புதிதா, அந்தக் காலத்து ஸ்டுடியோவில் மாளிகையும் மலையும் வரைந்த திரைச்சீலைக்கு முன்னால்தானே தாத்தா பாட்டி எல்லாரும் நின்றார்கள் என்று கேட்கலாம். ஒட்டுப்படமும் புதிதில்லை. ஆஸ்கர் ரெய்லாண்டர் 1857லேயே முப்பதுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களைச் சேர்த்து ஒரே படம் ஆக்கினார். இதை நான் மறுக்கவில்லை. ஆனால் திரைச்சீலைக்கு முன் நின்ற தாத்தா உண்மையிலேயே அந்தத் திரைச்சீலைக்கு முன்னால் நின்றார். அவர்மேல் பட்ட வெளிச்சமே அதன்மேலும் பட்டது. சீலையின் சுருக்கமும் அடியில் தெரிகிற தரையும் இது ஸ்டுடியோ என்று சொல்லிவிடும். எடுத்தவருக்கும் நின்றவருக்கும் பார்த்தவருக்கும் நடுவே ஒளிவு மறைவு இல்லாத விளையாட்டு அது. இப்போது நடப்பதில் அந்த அடையாளங்கள் மறைவதே வேலையின் வெற்றியாகிறது. ஆல்பத்தில் அதனால் குற்றமில்லை. குடும்பத்துக்கு உண்மை தெரியும். செய்தியாகவோ சான்றாகவோ ஒரு படத்தைக் காட்டும்போது கதை மாறுகிறது. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தைப் பிரதமர் வானிலிருந்து பார்வையிட்ட படத்தை மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் வெளியிட்டது. சன்னலுக்குள் வெள்ளக் காட்சி மட்டும் வேறு படத்திலிருந்து தெளிவாக ஒட்டப்பட்டிருந்ததை மக்கள் கண்டுபிடித்தார்கள். இரண்டு படங்களைச் சேர்த்ததாக ஒப்புக்கொண்டு அலுவலகம் அதை நீக்கியது. பிரதமர் பார்வையிட்டதும் உண்மை, ஊர் மூழ்கியதும் உண்மை. இரண்டு உண்மையையும் ஒரு விளிம்பில் ஒட்டியதும் இரண்டின் மேலும் சந்தேகம் விழுந்தது.

பாஸ்போர்ட் படத்தில் இந்த வித்தியாசம் விதியாகவே இருக்கிறது. வளைகுடா நாடுகளில் வேலைக்குப் போயிருக்கிற குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இது நேரடியாகத் தொடர்புள்ள விஷயம். வெளிநாடுகளில் உள்ள இந்தியத் தூதரகங்களில் 2025 செப்டம்பர் 1 முதல் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிப்படியான படம் கேட்கிறார்கள். வெள்ளைப் பின்னணி வேண்டும், முகம் படத்தில் 80 முதல் 85 சதவீதம் இருக்க வேண்டும், கணினி மென்பொருளால் மாற்றியிருக்கக் கூடாது. வெள்ளைச் சுவருக்கு முன் நின்று எடுத்தாலும், வயலிலிருந்து வெட்டி வெள்ளையில் ஒட்டினாலும் பார்வைக்கு ஒன்றாகத்தான் இருக்கும். ஆனால் வெட்டும்போது காதோரமும் தாடையோரமும் இரண்டு கட்டம் உள்ளே போனால் முகத்தின் வடிவம் மாறுகிறது. முகத்தின் அளவை இயந்திரம் ஒப்பிட்டுப் பார்க்கிற இடத்தில் அது ஆளையே மாற்றுவதற்குச் சமம். விளிம்பு யாருடையது என்ற நம் கேள்விக்கு இங்கே அரசாங்கமே பதில் சொல்லியிருக்கிறது: உங்கள் விளிம்பை நீங்களே வரையக் கூடாது.

மூன்றாவது மறுப்புக்கு என்னிடம் எதிர்வாதம் கிடையாது, ஒரு வேண்டுகோள்தான் உண்டு. வீட்டில் ஒருவர் இறந்துவிடுகிறார். தனியாக எடுத்த படம் ஒன்றுகூட இல்லை. இருப்பது ஏதோ ஒரு கல்யாணத்தில் எடுத்த குரூப் ஃபோட்டோ மட்டும். அன்றைக்கே சுவரொட்டிக்குப் படம் வேண்டும், பதினாறாம் நாள் அடியந்திரத்துக்கு மாலை போட்டு வைக்கப் பிரேம் போட்ட படம் வேண்டும். அந்தக் கூட்டத்திலிருந்து அவரை மட்டும் வெட்டியெடுத்துத் தருகிற ஸ்டுடியோக்காரர் செய்வது பெரிய உதவி. முகம் தெளிந்து, பின்னணி நீலமாகி, மாலைக்குள்ளே அவர் தனியாக இருப்பதைப் பார்த்து வீடு ஆறுதல் கொள்கிறது. அதைத் தப்பென்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. வேண்டுகோள் என்னவென்றால், வேலை முடிந்ததும் அந்தக் குரூப் ஃபோட்டோவையும் ஸ்கேன் செய்த முழுக் கோப்பையும் சேர்த்துக் குடும்பத்திடம் கொடுக்க வேண்டும், குடும்பமும் கேட்டு வாங்க வேண்டும். இன்றைக்கு வெட்டிய படம் எல்லாருடைய செல்போனிலும் பரவி, அதுவே மூலப்படம் போல ஆகிவிடுகிறது. முழுப் படம் கடைக்காரரின் கணினியிலேயே நின்று, இடம் போதாதபோது அழிந்துபோகிறது. அதோடு அழிவது ஓட்டு வீட்டின் முற்றம், பந்தல்காலில் கட்டிய வாழை, இன்று நிரப்பிக் கட்டடமாகிவிட்ட வயல், அன்றைக்கு யார் யார் வந்திருந்தார்கள் என்ற கணக்கு.

அப்படிப்பட்ட குரூப் ஃபோட்டோவிலிருந்து வெட்டுகிறவர்கள் எல்லாருக்கும் ஒரு இடம் பழக்கமானது. நடுவில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற மூத்தவரின் தோளில், பின்னால் நிற்கிற யாரோ ஒருவரின் கை இருக்கும். மகளாகவோ பேரனாகவோ இருக்கலாம். கையின் மீதிப் பகுதி பின்னணியோடு போய்விடும், நாலு விரல் மட்டும் தோளில் தங்கிவிடும். அந்த விரல்களை அழித்து, பக்கத்திலிருந்து துணியின் நிறத்தை எடுத்து நிரப்பி, கசங்கலையும் ஒன்றிரண்டு கோடாக வரைந்து முடிப்பார்கள். நன்றாகச் செய்தால் யாருக்கும் தெரியாது. அந்த விரல்களுக்கு அடியில் சட்டை கொஞ்சம் அமுங்கியிருக்கும், மூத்தவரின் தலையும் அந்தக் கை இருக்கும் பக்கமாக ஒரு இழை சாய்ந்திருக்கும். மாலை போட்ட படத்தில் அந்தச் சாய்வு மட்டும் மிஞ்சும். அது யாரை நோக்கிய சாய்வு என்று குரூப் ஃபோட்டோ இருக்கிற வீட்டில் கேட்டால் சொல்வார்கள்.